கட்டாத கருவியில் ஆயிரம் ஆண்டு

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே நடந்தால், லாயிட்ஸ் ரோடு முனை, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை, சமஸ்கிருதக் கல்லூரி என்று ஒவ்வொன்றாகக் கடந்து லஸ் முனைக்கு வந்துவிடலாம். அரை மணி நேரத்து நடை. அந்த அரை மணிக்குள், விரித்துப் பிடித்த ஓர் உள்ளங்கையின் ஊடாக மட்டும் இரண்டாயிரம் மூவாயிரம் மியூவான்கள் கடந்து போயிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறும்போது பிறப்பவை அவை. எலெக்ட்ரானுக்குச் சொந்தக்காரத் துகள்தான், எடை மட்டும் 200 மடங்குக்கு மேல். கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் இந்த மழை ஓயாமல் பெய்துகொண்டிருக்கிறது. கூரை, மாடித் தளம், பேருந்தின் தகரம் எதுவும் அதற்குத் தடையில்லை.

இந்த மழையின் கணக்கை எழுதிப் பார்த்த வீடு ஒன்று அந்த நடையின் முடிவில் இருந்தது. லஸ் சர்ச் ரோட்டில் ஏகாம்ர நிவாஸ். அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் தன் தந்தை ஏகாம்ர சாஸ்திரியின் பெயரை வைத்த வீடு. அவர் மகன் ராமகிருஷ்ணன், வீட்டு வழக்கப்படி வக்கீலாகியிருக்க வேண்டியவர், இயற்பியலில் விழுந்துவிட்டார். 1947இல் பம்பாய்க்குப் போய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபாவிடம் சேர்ந்தார். அங்கே அவர் கையில் கிடைத்த கேள்வி, பின்னாளில் தரமணியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த ஒரு தலைமுறை மாணவர்களின் கேள்வியாகவும் ஆனது. அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வேகமான ஒரு எலெக்ட்ரான் ஈயக் கட்டிக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது தூரத்தில் அது ஓர் ஒளித்துகளை உமிழும். ஒளித்துகள் இன்னும் சிறிது தூரம் போய் ஓர் எலெக்ட்ரான், அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரான் என்று இரண்டாகப் பிரியும். அவை மீண்டும் உமிழும், அந்த ஒளித்துகள்கள் மீண்டும் பிரியும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் ஆற்றல் தீர்ந்து அடங்கும். அருவி விழுவதுபோல் இருப்பதால் இதற்கு அருவி என்றே பெயர். 1937இல் பாபாவும் ஹைட்லரும் ஒரு பக்கம், கார்ல்சனும் ஓப்பன்ஹைமரும் இன்னொரு பக்கம் இந்த அருவியின் சராசரியைக் கணக்கிட்டுவிட்டார்கள். இத்தனை தடிமன் ஈயத்தைத் தாண்டினால் சராசரியாக இத்தனை எலெக்ட்ரான் வெளியே வரும் என்பது வரை தெரிந்தது. ஆனால் எந்த இரண்டு அருவிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு முறை பத்து வரும், அடுத்த முறை முப்பது வரும். சராசரியிலிருந்து ஒவ்வொரு முறையும் எவ்வளவு விலகும்?

இதற்கு விடை காண ராமகிருஷ்ணன் உருவாக்கிய கணித முறை 1950இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் வந்தது. அதற்குமுன் அவர் மான்செஸ்டர் போய் புள்ளியியலாளர் பார்ட்லெட்டிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார். துகள்களின் ஆற்றல் தொடர்ச்சியாக மாறக்கூடியது, படிக்கட்டுபோல் எண்ணக்கூடியதல்ல. அப்படிப்பட்ட கூட்டத்தில் இந்த ஆற்றலில் ஒன்று, அந்த ஆற்றலில் இன்னொன்று ஒரே நேரத்தில் இருப்பதற்கான வாய்ப்பு என்ன என்று கேட்டு, அதிலிருந்து விலகலைக் கறக்கும் வழி அது. அதே ஆண்டு பாபாவும் தனி வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1957-58இல் பிரின்ஸ்டன் போய் வந்தபின் வீட்டிலேயே ஒரு கருத்தரங்கைத் தொடங்கினார். கல்லூரி நேரத்துக்குப் பிறகு மாணவர்கள் மயிலாப்பூர் வீட்டு மாடியில் கூடினார்கள். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்தார். இந்தியாவில் தன்னைக் கவர்ந்தவை பற்றிப் பேசும்போது பம்பாயின் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தோடு சென்னையின் இந்தச் சின்னக் கூட்டத்தையும் சேர்த்துச் சொன்னார். கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் அக்கறை, பிரதமர் நேருவின் ஆதரவு எல்லாம் கூடிவர, 1962 ஜனவரி 3ஆம் தேதி மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. தொடங்கி வைத்தவர், அதே ராயப்பேட்டை நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டும் அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் 'சந்திர விலாஸ்' வீட்டில் வளர்ந்து, அதே மாநிலக் கல்லூரியில் படித்து, 1930இல் கப்பலேறிய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமகிருஷ்ணனின் மாணவர் எஸ்.கே. சீனிவாசன் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராகி, 1969இல் இந்த அருவிக் கணக்கைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சுண்ணக்கட்டியும் கரும்பலகையுமாக ஓர் ஊர் இவ்வளவு தூரம் போயிற்று.

ஆனால் கரும்பலகைக்கு ஓர் எல்லை உண்டு. ஈயக் கட்டி முடிவில்லாமல் பரந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு வசப்படும். உண்மையான கருவியில் இரும்புக்கு ஓரம் உண்டு, நடுவில் சந்து உண்டு, கம்பிச்சுருள் போக ஓட்டை உண்டு. இத்தனையையும் சமன்பாட்டில் எழுதினால் எவராலும் தீர்க்க முடியாது.

வேறு வழியை 1952இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வில்சன் காட்டினார். நம் வீட்டுத் திண்ணைகளில் தாயம் ஆடியவர்களுக்கு அது உடனே புரியும். ஈயத்தைச் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக மனதில் வெட்டிக்கொண்டார். ஓர் உருளையின்மேல் வரைபடம் ஒன்றைச் சுற்றி ஒட்டினார். எலெக்ட்ரான் ஒரு துண்டைத் தாண்டும்போது என்ன ஆகும் என்பதற்கு, நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாய்ப்புக்கு ஏற்ற அளவில் அந்த வரைபடத்தில் இடம் ஒதுக்கியிருந்தது. உருளையைச் சுழற்றிவிட வேண்டியது. எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த எலெக்ட்ரானின் விதி. தாளில் குறித்துக்கொண்டு அடுத்த துண்டுக்கு மீண்டும் ஒரு சுற்று. பிறந்த ஒவ்வொரு குட்டித் துகளுக்கும் தனித்தனிச் சுற்று. தாயக்கட்டையை உருட்டிக் காயை நகர்த்துவதுபோல் ஓர் அருவி முழுவதையும் கையாலேயே ஆடி முடித்து, அப்படிப் பல அருவிகளை ஆடி, சராசரியையும் விலகலையும் எண்ணி எடுத்தார். பின்னாளில் சிகாகோவுக்கு அருகே ஃபெர்மி ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய அதே வில்சன்தான்.

இதே முறையை உலாமும் நியூமனும் மெட்ரோபோலிசும் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓட்டியிருந்தார்கள்; சூதாட்ட ஊரின் பெயரால் அது மான்டே கார்லோ என்று அழைக்கப்பட்டது. 1950களின் கடைசியில் சிட்னி பல்கலைக்கழகத்தில் புட்சரும் மெசெலும் சில்லியாக் என்ற கம்ப்யூட்டரை வைத்துக் காஸ்மிக் கதிர் அருவிகளை உருட்டித் தள்ளினார்கள். மெசெலும் அதுவரை ராமகிருஷ்ணனைப்போல் சமன்பாட்டோடு மல்லுக்கட்டியவர்தான். மயிலாப்பூரில் பேனாவால் தீர்க்க முயன்றதை சிட்னியில் இயந்திரம் ஆடிக் காட்டியது. இரண்டும் ஒரே கேள்விக்கான விடைகள்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த இன்னொரு சென்னைக்காரர் இந்தக் கதைக்கு வேறு வாசல் வழியாக வருகிறார். ஆர். நரசிம்மன், 1960இல் இயங்கத் தொடங்கிய இந்தியக் கம்ப்யூட்டரான டிஃப்ராக்கை டாடா நிறுவனத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர். மறு ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகம் போனவர், குமிழிக் கலன்களில் எடுத்த புகைப்படங்களைப் பார்த்துத் துகள் போன தடத்தை இயந்திரமே அடையாளம் காண்பது எப்படி என்று ஆராய்ந்தார். புள்ளிகளின் கூட்டத்தில் எது கோடு, எது கிளை, எங்கே பிரிகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. தடம் காணும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது இவர் பெயர் நம்மிடையே அதிகம் அடிபடுவதில்லை. அடிபட வேண்டும்.

இதே காலத்தில் கருவிகள் நிஜமாகவே பூமிக்கடியில் இறங்கிக்கொண்டிருந்தன. கோலார் தங்கவயல் இன்று கர்நாடகம். ஆனால் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. அந்த ஆழத்தில் மியூவான் மழை எவ்வளவு குறைகிறது என்று அளக்க டாடா நிறுவனத்தின் ஸ்ரீகண்டன் 1951இலேயே போய்விட்டார். 1960களின் தொடக்கத்தில் மிக ஆழமான மட்டத்தில் கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. ஏமாற்றமாகத் தோன்றும் இந்தப் பூஜ்ஜியம்தான் அவர்களுக்குத் துணிச்சல் கொடுத்தது. மேலிருந்து எதுவும் வராத இடத்தில் ஒரு மியூவான் பக்கவாட்டில் வந்தால், அது, எந்தப் பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோ என்ற துகள் அபூர்வமாகப் பாறைக்குள் மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

1965இல் அது நடந்தது. எம்.ஜி.கே. மேனன் தலைமையில் டாடா நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் மூன்றும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், துகள் கடந்தால் ஒளிரும் நியான் குழாய்களைச் சுவர்போல் அடுக்கி, வளிமண்டல நியூட்ரினோவால் பிறந்த மியூவானின் தடத்தைப் பிடித்தன. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவும் பிடித்தது. கட்டுரை வெளிவந்ததில் கோலாருக்குச் சில நாள் முந்துதல். 1980இல் அங்கேயே 140 டன் எடையில் இரும்புத் தகடும் வாயுக் குழாயும் மாறி மாறி 34 அடுக்காக அமைந்த கருவி வந்தது, புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க. தங்கம் குறையக் குறைய, நீர் இறைக்கும் செலவு கூடக் கூட, 1990களின் தொடக்கத்தோடு ஆய்வுகள் நின்றுபோயின.

சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி கடைசி நாள். அதே பிப்ரவரியில் சென்னையில், இப்போது தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில், நாட்டின் நியூட்ரினோ ஆய்வாளர்கள் கூடி புதிய ஆய்வுக்கூடத்துக்கான கூட்டமைப்பை அமைத்தார்கள். ஐ.என்.ஓ. என்று பின்னாளில் எல்லோருக்கும் பழகிப்போன இந்திய நியூட்ரினோ ஆய்வகம் பிறந்த இடம் சென்னை. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் இதே ஊரில் நடந்த ஒரு பயிலரங்கில்தான், கோலாரில் விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்ற பேச்சு முளைத்திருந்தது. 2002 ஆகஸ்டில் ஏழு நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. சென்னைப் பக்கத்தில் ஜி. ராஜசேகரன், எம்.வி.என். மூர்த்தி, டி. இந்துமதி, நீதா சின்ஹா ஆகியோர் முன்னின்றார்கள். கருவி அமைக்கும் வேலைக்கு டாடா நிறுவனத்தின் நபா மண்டல் தலைமை.

கோலார் தலைமுறைக்கு இல்லாத ஒரு வசதி இவர்களுக்கு இருந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1974இல் ஒரு சின்ன நிரலாகத் தொடங்கிய ஜியான்ட், 1998 டிசம்பரில் ஜியான்ட்-4 என்ற புது அவதாரம் எடுத்து வெளிவந்திருந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வில்சனின் உருளையைக் கோடிக்கணக்கான முறை சுழற்றும் இயந்திரம் என்று அதைச் சொன்னால் தப்பில்லை. கருவியின் வடிவத்தை எழுதிக் கொடுத்தால் போதும்: இரும்பு எங்கே, கண்ணாடி எங்கே, காந்தப்புலம் எந்தப் பக்கம். அதில் ஒரு துகளை விட்டால், ஒவ்வொரு சிற்றடிக்கும் தற்போக்கு எண் ஒன்றை உருட்டி அது என்ன ஆகிறது என்று சொல்லிக்கொண்டே போகும்.

தரமணியில் இதற்கு எப்போதும் 'சிமுலேஷன்' என்றுதான் பேச்சு. 'எத்தனை ஈவென்ட் ஓட்டினாய்?', 'இந்த ட்ராக்கில் எத்தனை ஹிட்?' என்பவை அங்கே காபி நேரத்துக் கேள்விகள்.

அவர்கள் எழுதிய கருவியின் பெயர் ஐகால். 50,000 டன் இரும்பு. செர்னில் இருக்கும் சி.எம்.எஸ். கருவியின் மொத்த எடையே 14,000 டன்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். 16 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், 14.5 மீட்டர் உயரத்தில் மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 5.6 சென்டிமீட்டர் கனத்தில் 151 இரும்புத் தகடுகள் படுக்கை வசமாக. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் சந்து. அந்தச் சந்துகளில் 2 மீட்டர் சதுரக் கண்ணாடிப் பெட்டிகள், மொத்தம் சுமார் 28,800. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு, குறுக்கே 10,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம். மின்சுமையுள்ள துகள் கடந்தால் அந்த இடத்தில் ஒரு சிறு மின்பொறி. மேலும் கீழும் 3 சென்டிமீட்டர் அகலச் செப்புப் பட்டைகள் அதை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் குறித்துக்கொள்ளும். இப்படி 37 லட்சம் பட்டைகள்.

இவற்றில் ஒரு திருகுகூட வாங்காத காலத்திலேயே, இந்தக் கருவிக்குள் மியூவான்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கலாம். கோப்பில் அது ஒரே ஒரு வரி. முதலில் 13 என்ற எண்: துகளியல் அட்டவணையில் எதிர்மின் மியூவானின் எண் அது, நேர்மின் என்றால் முன்னால் ஒரு கழித்தல் குறி. அடுத்து அது கிளம்பும் இடம், மூன்று திசைகளில் உந்தம். 5 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் அளவு என்று கொள்வோம். முதல் தகட்டுக்குள் நுழைகிறது. இரும்பின் எலெக்ட்ரான்களை உரசிக்கொண்டே போவதால் தகட்டுக்குச் சுமார் 70 மெகா எலெக்ட்ரான்வோல்ட் கரைகிறது. இரும்பு அணுக்கருக்களுக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் கொஞ்சம் தள்ளாடுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பதற்கு ஒரு தற்போக்கு எண். சந்தில் வெளிப்பட்டுக் கண்ணாடியைத் தாண்டுகிறது: ஒரு ஹிட். மறுபடி இரும்பு. 1.5 டெஸ்லா காந்தப்புலம் அதை மெல்ல ஒரு பக்கம் வளைக்கிறது. 11 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சின்ன வில்தான் ஆரம்பத்தில் தெரியும். ஆற்றல் குறையக் குறைய வளைவு இறுகுகிறது. அறுபதுக்கு மேல் தகடுகளைக் கடந்து எங்கோ ஒரு தகட்டுக்குள் ஓய்கிறது. இதே மியூவானை 1 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட்டில் விட்டால் பத்துப் பன்னிரண்டு தகட்டோடு சரி.

இப்போது நிரல், தான் துகளை விட்ட கதையையே மறந்துவிட வேண்டும். கையில் இருப்பவை பட்டை எண்களும் நேரங்களும் மட்டும். அந்தப் புள்ளிகளைக் கோத்து மியூவான் எங்கே பிறந்தது, எந்தத் திசை, எவ்வளவு உந்தம், வளைந்தது இடமா வலமா என்று இன்னொரு நிரல் கண்டுபிடிக்கும். அதற்குப் பயன்படுவது கால்மன் 1960இல் தந்த வடிகட்டி முறை. அப்பல்லோ விண்கலம் வழி தவறாமல் போக உதவிய அதே கணக்கு. 1987இல் ஃப்ரூவிர்த் அதைத் துகள் தடங்களுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு அடுக்கிலும் 'அடுத்த புள்ளி இங்கே இருக்க வேண்டும்' என்று ஊகித்து, உண்மையில் பதிவான புள்ளியைப் பார்த்துத் தன் ஊகத்தைத் திருத்திக்கொண்டே போகும். மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்பது நேரத்திலிருந்து தெரியும். 4 மீட்டர் கடக்க மியூவானுக்கு 13 நானோ வினாடி ஆகும். கண்ணாடிப் பெட்டிகள் ஒரு நானோ வினாடி வித்தியாசத்தைக் கவனிக்கும்.

வளைவு இடமா வலமா என்பதில்தான் முழுத் திட்டமும் நிற்கிறது. நியூட்ரினோ மோதினால் எதிர்மின் மியூவான், எதிர் நியூட்ரினோ மோதினால் நேர்மின் மியூவான். பூமியின் உள்ளே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாறையைக் கடந்து வரும்போது இந்த இரண்டும் வேறுவேறு விதமாக மாறுகின்றன. அந்த வேற்றுமையை அளந்தால் மூன்று நியூட்ரினோ நிறைகளில் எது கனமானது என்ற வரிசை தெரியும்.

2014இல் வெளிவந்த மியூவான் ஆய்வு, ஐகால் என்ன செய்ய முடியும் என்று எண்களில் சொன்னது. கருவியின் நடுப்பகுதியில், ஒவ்வொரு உந்தத்துக்கும் ஒவ்வொரு திசைக்கும் பத்தாயிரம் மியூவான்களை விட்டுப் பார்த்தார்கள். உந்தத்தில் 9 முதல் 14 சதவீதம் பிசகு, திசையில் ஏறத்தாழ ஒரு டிகிரி, தடத்தை மீட்டெடுக்க முடிந்தது சுமார் 80 சதவீதம் முறை, மின்சுமையைச் சரியாகச் சொன்னது சுமார் 98 சதவீதம். ஓரங்களில் என்ன ஆகும் என்று அடுத்த ஆண்டு தனியாக ஓர் ஆய்வு: காந்தப்புலம் அங்கே ஒரே சீராக இல்லை, பாதியிலேயே கருவியை விட்டு வெளியேறும் தடங்கள் வேறு. தகடுகள் படுக்கை வசத்தில் இருப்பதால் கிடையாக வரும் மியூவான்கள் போதுமான ஹிட் தராமல் நழுவுகின்றன என்பதும் தெளிவானது. குறை எங்கே என்று கட்டும் முன்பே காட்டிக்கொடுக்கும் இந்த நேர்மைக்காகத்தான் சிமுலேஷனை மதிக்கத் தோன்றுகிறது. 37 லட்சம் பட்டைகளைப் பொருத்திய பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன செய்வது?

தகட்டின் கனத்தை மாற்றி மாற்றிப் பார்த்த ஆய்வும் அதே காலத்தது. இங்கேதான் ஏகாம்ர நிவாஸின் கேள்வி திரும்பி வருகிறது. நியூட்ரினோ மோதும்போது மியூவானோடு ஹாட்ரான் எனப்படும் துகள்களும் தெறிக்கும். அவை நீண்ட தடம் விடாது. சிறு கொத்தாக ஹிட்டுகளைச் சிதறிவிட்டு அடங்கும். அந்த ஹிட்டுகளின் எண்ணிக்கையிலிருந்துதான் அவற்றின் ஆற்றலை ஊகிக்க வேண்டும். ஒரே ஆற்றலில் ஒரு முறை ஐந்து ஹிட் வரும், மறுமுறை பன்னிரண்டு வரும். சராசரி என்ன, விலகல் என்ன? தகடு மெலிந்தால் விலகல் குறையும். ஆனால் அதே எடை இரும்புக்கு அடுக்குகளும் கண்ணாடிப் பெட்டிகளும் செலவும் கூடும். 1950இல் ஈயத்தில் எலெக்ட்ரான் அருவிக்குக் கேட்ட அதே விலகல், 60 ஆண்டு கழித்து லஸ்ஸிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இரும்பில் ஹாட்ரான் கொத்துக்கு. தரமணி மாணவர்களில் எத்தனை பேர் இந்த வம்சாவளியை அறிந்து அந்த நிரலை ஓட்டினார்களோ, கணக்கு மட்டும் அறிந்திருந்தது.

அந்த ஆய்வுகளில் மனதை விட்டு அகலாத ஒரு பழக்கம் உண்டு. ஐகால் பத்து ஆண்டு ஓடினால் என்ன தெரியும் என்று சொல்ல, பத்து ஆண்டு நியூட்ரினோக்களை மட்டும் உருட்டினால் தற்செயலான ஏற்ற இறக்கம் விடையைக் கெடுத்துவிடும். அதனால் நுவான்ஸ் என்ற நிரலை வைத்து ஆயிரம் ஆண்டு நியூட்ரினோ மோதல்களை உருவாக்கி, அதைப் பத்து ஆண்டு அளவுக்குச் சுருக்கினார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் ஒரு கருவியை ஓடவிட்டு இன்று நிறுத்தினால் எவ்வளவு சேருமோ அவ்வளவு, கம்ப்யூட்டரின் வட்டுகளில். 2017இல் 'பிரமானா' இதழில் வந்த பெரிய அறிக்கை, பத்து ஆண்டில் நிறை வரிசையை புள்ளியியல் கணக்கில் ஏறத்தாழ மூன்று சிக்மா உறுதியோடு சொல்லலாம் என்றது.

கருவிக்கான மலை மட்டும் கிடைக்கவில்லை. முதலில் பார்த்த நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் மறுக்கப்பட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சில மாதத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தடை, 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018இல் மீண்டும் அனுமதி, 2021இல் திட்டத்தைக் கைவிடக் கோரி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசின் எதிர்ப்பு. நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்று ஊரில் எழுந்த பயத்துக்கு அறிவியலில் இடமில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நொடியிலும் அவை கோடி கோடியாக நம்மைக் கடந்துகொண்டிருக்கின்றன. ஆனால் இரண்டு கிலோமீட்டர் சுரங்கத்துக்கு வெடி வைப்பது, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் நடுவே புலிகள் போய்வரும் பாதை, மேற்கு மலையின் நீரூற்றுகள் என்ற கேள்விகள் உண்மையானவை. அந்த மக்களிடம் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, அவர்கள் பேச்சில் பேசியிருக்க வேண்டும். பாறைக்குள் மியூவான் எப்படி நடக்கும் என்பதை அத்தனை பொறுமையாக ஆடிப் பார்த்தவர்களின் திட்டத்துக்கு, பாறைக்கு மேலே வாழ்பவர்களிடம் அதே பொறுமை வாய்க்கவில்லை. இதே நிறை வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ கருவி, 2025 ஆகஸ்டில் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது.

சிமுலேஷன் கற்ற கைகள் சும்மா இல்லை. ஊட்டியில் டாடா நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில் 3,712 வாயுக் குழாய்களால் ஆன மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்பில் இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பர் 1ஆம் தேதி அதன்மேல் ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. மேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இந்த அளவு குறையும் என்று காற்று மண்டலத்தையே கம்ப்யூட்டரில் வைத்து, மேகத்தின் மின்புலத்தை மாற்றி மாற்றிக் காஸ்மிக் கதிர்களை ஓட்டிப் பார்த்தார்கள். பொருந்திய விடை 130 கோடி வோல்ட். அதற்குமுன் எந்த இடிமேகத்திலும் இத்தனை பெரிய அழுத்தம் அளக்கப்பட்டதில்லை. 2019இல் முடிவு வெளிவந்தது.

மதுரை வடபழஞ்சியில் ஐகாலின் ஒரு துண்டு 2018இலிருந்து நிஜமாகவே நிற்கிறது. மினி ஐகால் என்று பெயர். 4 மீட்டர் சதுரத் தகடுகள், 11 அடுக்கு இரும்பு, 85 டன். முழுக் கருவியில் அறுநூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. மலைக்கு அடியில் இல்லாமல் தரைமேலே இருப்பதால் காஸ்மிக் மியூவான்கள் மழைபோல் கொட்டுகின்றன. நியூட்ரினோ பிடிக்க அது பெரும் தொல்லை, ஆனால் சிமுலேஷனைச் சோதிக்க அதைவிட நல்லது எதுவுமில்லை. கம்பிச்சுருளில் மின்சாரம் ஏற, இரும்பு காந்தமாகிறது. மேலிருந்து வரும் ஒரு மியூவான் பத்து அடுக்குகளிலும் பத்துப் புள்ளிகளை வைத்துவிட்டுத் தரைக்குள் போகிறது. திரையில் அந்தப் பத்துப் புள்ளிகள், அவற்றின்மேல் கால்மன் முறை வரைந்த ஒரு வளைகோடு, பக்கத்தில் அதே கோணத்தில் ஜியான்ட் உருட்டிய மியூவான்களின் கோடுகள். இரண்டும் எந்த அடுக்கில் எத்தனை மில்லிமீட்டர் விலகுகின்றன என்று பட்டை பட்டையாக எடுத்துப் பார்க்கிறார்கள்.